காட்டோரம் குடியிருக்க ஓர் உயிரியலாளர்

2025 ஜூன் கடைசி வாரத்தில், சாமராஜநகர் மாவட்டத்து மாதேஸ்வரன் மலைக் காட்டில் ஒரு தாய்ப்புலியும் அதன் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. புலி அடித்துப் போட்ட மாட்டின் உடலில் யாரோ விஷம் தடவியிருந்தார்கள். அக்கம்பக்கத்து ஆட்கள் சிலர் கைதானார்கள். செப்டம்பரில் அதே மாவட்டத்தில், குண்டுலுப்பேட்டைக்கு அருகே பொம்மலாபுரத்தில், புலியைப் பிடிக்க வைத்திருந்த கூண்டுக்குள் வனத்துறை ஊழியர்களையே தள்ளிப் பூட்டினார்கள் ஊர்க்காரர்கள். நவம்பரில் மைசூரு மாவட்டக் காட்டோரத்தில் புலி தாக்கி ஆட்கள் இறக்க, பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியையே அரசு நிறுத்தியது. இந்த இடங்களெல்லாம் பெங்களூரிலிருந்து நாலைந்து மணி நேரப் பயணத்தில் இருப்பவை. பெங்களூரிலோ, மாதவ் காட்கில் 1983-இல் இந்திய அறிவியல் கழகத்தில் தொடங்கிய சூழலியல் மையம் இருக்கிறது. 1984-இல் உல்லாஸ் காரந்த் தொடங்கிய வன உயிரின ஆய்வு மையம் இருக்கிறது. 1996-இலிருந்து ‘ஏட்ரீ’ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் வன உயிரின உயிரியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. இத்தனை காட்டு ஆய்வாளர்கள் இந்தியாவில் வேறொரு நகரத்தில் ஒன்றாக இருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆகவே அறிவுக்குப் பஞ்சமில்லை. அந்த அறிவின் முகவரிதான் தவறான இடத்தில் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு சுகாதார அதிகாரியும் வேளாண் அதிகாரியும் இருப்பதுபோல, காடுள்ள மாவட்டம் ஒவ்வொன்றிலும் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஓர் உயிரியலாளர் இருக்க வேண்டும் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

அவர் அங்கே என்ன செய்வார்? வன உயிரியலாளர் என்றதும் ஜீப்பும் பைனாகுலரும் புலியும் நம் கண்முன் வருவதற்குத் தொலைக்காட்சிதான் காரணம். உண்மையான வேலை பெரும்பாலும் சலிப்பூட்டுவது, சில நேரம் நாற்றமடிப்பது. நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராக இருந்தவர். 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் தங்கிச் செந்நாய்களை ஆராய்ந்தார். பரிசுப் பணம் கொடுத்துக் கொல்லச் சொன்ன அளவுக்குச் செந்நாய் வெறுக்கப்பட்ட விலங்கு. மான்களையெல்லாம் அழித்துவிடும் என்று வேட்டைக்காரர்கள் சொன்னதை அதிகாரிகள் அப்படியே நம்பிவந்தார்கள். அது என்ன தின்கிறது, எத்தனை தின்கிறது என்று தெரிய அதன் எச்சத்தைப் பொறுக்கிவந்து, சல்லடையில் போட்டு நீரில் அலசி, மிஞ்சும் மயிரையும் எலும்புத் துண்டையும் நுண்ணோக்கியில் வைத்து இது புள்ளிமான், இது கடமான், இது முயல் என்று பிரிக்க வேண்டும். ஒரு எச்சம் எதையும் சொல்லாது. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு கூட்டத்தின் ஆண்டுக் கணக்கு தெரியவரும். 2024 ஜூனில் பெங்களூரில் காலமான ஜான்சிங்கைப் பின்னால் வந்த தலைமுறை ஆசான் என்று கொண்டாடியதற்கு அவர் நடந்த தூரம் ஒரு காரணம் என்றால், ஒரே காட்டில் அவர் உட்கார்ந்திருந்த காலம் இன்னொரு காரணம்.

ஒரே இடத்தில் ஏன் இத்தனை காலம் உட்கார வேண்டும் என்பதற்கு நாகரஹொளேயைவிட நல்ல சான்று இல்லை. புலித் திட்டம் தொடங்கிய 1973-க்குப் பின் முப்பதாண்டு காலம் நாட்டில் புலிகளை எண்ணியது காலடித் தடத்தை வைத்து. மண்ணில் பதிந்த தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து, கோடு வரைந்து, இது இன்ன புலி என்று காவலர்கள் அடையாளம் சொல்வார்கள். ஈர மண்ணில் ஒரு மாதிரியும் காய்ந்த மண்ணில் வேறு மாதிரியும் பதியும் தடத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது என்று காரந்த் வாதிட்டார். வாதத்தோடு நிற்காமல் 1990-களின் தொடக்கத்தில் நாகரஹொளேயில் தானியங்கி கேமராக்களை வைத்தார். புலி நடக்கும் தடத்தின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு கேமராக்கள். இரண்டு எதற்கு என்றால், புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வேறு வேறு. ஒரு பக்கம் மட்டும் கிடைத்தால் ஒரே புலியை இரண்டாக எண்ணிவிடக்கூடும். எதிரே ஆடும் புல்லைக்கூட வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் காற்றடிக்கும்போதெல்லாம் கேமரா படமெடுத்துத் தீர்த்துவிடும். யானைக்குப் பிடிக்காவிட்டால் பிடுங்கி மிதித்துவிட்டுப் போகும். இப்படிக் கிடைத்த படங்களில் திரும்பத் திரும்ப வந்த புலிகள் எத்தனை, ஒரே ஒருமுறை வந்தவை எத்தனை என்று பார்த்து, கேமராவில் சிக்காத புலிகள் எத்தனை இருக்கும் என்று கணக்கிடுவார்கள். எண்ணாமல் விட்டதையும் மதிப்பிட்டுச் சொல்வதுதான் இந்த முறையின் நேர்மை.

இந்த வேலையை ஒன்பது ஆண்டுகள் விடாமல் செய்தபோது கிடைத்ததுதான் முக்கியம். 1996 முதல் 2004 வரை 74 புலிகள் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டன. ஓராண்டில் இருக்கும் புலி அடுத்த ஆண்டும் அங்கே உயிரோடு இருப்பதற்கான வாய்ப்பு 77 விழுக்காடு. அதாவது நூற்றுக்கு இருபத்து மூன்று ஆண்டுதோறும் சாகின்றன அல்லது இடம்பெயர்ந்து போய்விடுகின்றன. அப்படியும் கூட்டம் குறையவில்லை, ஏனென்றால் இரை நிறைந்த காட்டில் குட்டிகள் வளர்ந்து காலி இடத்தை நிரப்பிவிடுகின்றன. ஒரே ஒரு முறை கேமரா வைத்துவிட்டுப் போனவருக்கு இந்த விவரம் கிடைத்திருக்காது. நாற்பது புலி என்ற எண் இரண்டு ஆண்டும் ஒன்றாக இருக்கலாம். ஒரு காட்டில் அதே நாற்பதும் உயிரோடிருக்கலாம், இன்னொரு காட்டில் பாதி செத்துப் புதியவை வந்திருக்கலாம். முன்னதில் ஐந்து புலி இறந்தால் பேரிழப்பு. பின்னதில் பயப்பட வேண்டியது வேறு எதற்கோ. செய்தித்தாள் சொல்லும் எண்ணிக்கை, 2022 கணக்கில் கர்நாடகத்துக்கு 563, மத்தியப் பிரதேசத்துக்கு 785 என்பது போன்றவை, மாநிலங்களுக்கு இடையே பெருமை பேச உதவும். ஒரு காட்டின் உடல்நிலையைச் சொல்ல அந்த ஒற்றை எண் போதாது.

மாவட்டத்துக்கு ஓர் உயிரியலாளர் என்ற யோசனைக்கு முதலில் வரும் மறுப்பு, காட்டை வனக் காவலரைவிட யார் அறிவார் என்பது. நியாயமான கேள்வி. ஒரு வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு மாதத்தில் நடக்கும் தூரம் பல ஆய்வாளர்கள் ஓராண்டில் நடப்பதைவிட அதிகம். ஆனால் அவருடைய வேலை ரோந்து, தீயணைப்பு, அகழி மேற்பார்வை, வி.ஐ.பி. வருகை, நீதிமன்ற வாய்தா என்று நாலாபக்கமும் இழுபடுகிறது. அவருக்கு மேலே இருக்கும் அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போகிறார்கள். ஒருவர் கற்றுக்கொண்டதை அடுத்தவர் முதலிலிருந்து கற்கிறார். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: புலி குறைந்தால் கேள்வி கேட்கப்படும் துறையிடமே புலியை எண்ணும் பொறுப்பையும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ராஜஸ்தானத்துச் சரிஸ்கா காட்டியது. ஏட்டில் புலிகள் இருந்துகொண்டே இருந்தன. 2005 தொடக்கத்தில் பார்த்தால் காட்டில் ஒன்றுகூட இல்லை, கள்ளவேட்டைக்காரர்கள் தீர்த்துவிட்டிருந்தார்கள். அதற்காகக் காவலர்களைப் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. அளப்பவரும் அளக்கப்படுபவரும் ஒருவராக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். சரிஸ்காவுக்குப் பிறகு காலடிக் கணக்கு கைவிடப்பட்டு, 2006 முதல் நாலாண்டுக்கு ஒருமுறை புதிய முறையில் கணக்கெடுப்பு நடக்கிறது. முறை மாறியது பெரிய முன்னேற்றம். ஆனால் நாலாண்டுக்கு ஒருமுறை என்ற தாளம் மாவட்டத்தின் அன்றாடத்துக்குப் பொருந்தாது.

அடுத்த மறுப்பு இயந்திரத்தைக் காட்டுகிறது. 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்து மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள்; கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. புலியின் வரியை ஒப்பிடவும் இன்ன விலங்கு என்று பிரிக்கவும் மென்பொருள் வந்துவிட்டது. பிறகு ஆள் எதற்கு? அத்தனை படங்களில் புலி இருந்தவை 76,651. மற்றவற்றில் மானும் மாடும் மனிதரும் ஆடும் இலையும். மென்பொருள் பிரித்துக் கொடுக்கும். எந்தத் தடத்தில் கேமரா வைப்பது, ஏன் இந்தப் பள்ளத்தில் இரண்டு மாதமாகக் கடமான் வரவில்லை, அங்கே புதிதாக யார் பட்டி போட்டிருக்கிறார்கள் என்பதை அது கேட்டுவராது. மேலும் காட்டின் கடிகாரம் மெதுவாக ஓடுவது. முதுமலையில் ஐம்பது எக்டேர் பரப்பில், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்த ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, 1988-இலிருந்து யானை ஆய்வாளர் ஆர். சுகுமாரின் குழு கண்காணித்துவருகிறது. வறட்சியும் தீயும் யானையும் சேர்ந்து ஒரு காட்டை எப்படி மாற்றுகின்றன என்று இன்று ஏதாவது சொல்ல முடிகிறதென்றால் அந்த விடாப்பிடியால்தான். யானையின் கர்ப்பமே இருபது மாதத்துக்கு மேல். மூன்றாண்டு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டத்துக்குள் ஒரு பெண் யானை ஒரு கன்று போட்டுமுடித்தாலே பெரிய விஷயம். சென்னையில் பிறந்த சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளின் பின்னே அலைந்துதான், பெண் யானைக் கூட்டங்களைவிட ஆண் யானைகளே பல மடங்கு அதிகமாகப் பயிரில் இறங்குகின்றன என்று காட்டினார். எல்லா யானையும் ஒன்றல்ல என்ற அந்த ஒரு விவரம், எங்கே வேலி போடுவது, எந்த யானையைக் கவனிப்பது என்ற முடிவையே மாற்றக்கூடியது.

பிலிகிரிரங்கன் மலை இன்னொரு விதமான சான்று. 1974-இல் சரணாலயமானபோது அங்கே வாழ்ந்த சோளகர் பழங்குடியினர் ‘போடு’ எனப்படும் தங்கள் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டு ஓரங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். காட்டுக்கு அவர்கள் வைத்துவந்த தீயும் தடைசெய்யப்பட்டது. ஆண்டின் தொடக்கத்தில், சருகு லேசாகக் காய்ந்திருக்கும்போது வைக்கும் சிறு தீயைத் ‘தரகு பெங்கி’ என்பார்கள். தரையோடு ஓடி அணைந்துவிடும். அந்தத் தீ நின்றதால்தான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது, நெல்லி மரங்களில் ‘உப்பிலு’ என்ற புல்லுருவி பெருகியது என்று சோளகர்கள் வெகுகாலமாகச் சொல்லிவந்தார்கள். படிக்காதவர்கள் பேச்சு என்று அது ஒதுக்கப்பட்டது. ஏட்ரீ ஆய்வாளர்கள் அங்கே கள நிலையம் வைத்து, 1997-இல் அளந்த அதே இடங்களை 2008-இல் மறுபடியும் அளந்தார்கள். முன்பு பத்தில் நான்கு இடங்களில் இருந்த உண்ணிச்செடி இப்போது பத்தில் எட்டு இடங்களில் இருந்தது. தீயை நிறுத்தியது மட்டுமே காரணம் என்று இந்தக் கணக்கு நிரூபித்துவிடவில்லை. உண்ணிப் புதர் மண்டிய காட்டில் இன்று தீ வைத்தால் அது தரையோடு போகாமல் கிளைவரை ஏறி எரியும் என்பதால் பழைய வழக்கத்தை அப்படியே திருப்பிக் கொண்டுவரவும் முடியாது. ஆனால் ஒரு மலைவாசியின் சொல்லும் ஓர் ஆய்வாளரின் அளவும் ஒரே மேசைக்கு வந்தது. பழங்குடிகளின் வன உரிமைச் சட்டப்படி 2011-இல் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக உரிமை கிடைத்தபோது, புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல் முறை. உயிரியலாளர் என்றாலே மக்களை வெளியேற்றச் சொல்லும் ஆள் என்ற மறுப்புக்கு இதைவிட நேரான பதில் இல்லை. அந்த மறுப்பில் உண்மையும் இருக்கிறது: காடு மனிதர் இல்லாமல் இருந்தால்தான் காடு என்று நம்பும் ஆய்வாளர்கள் உண்டு. நகரத்திலிருந்து வந்துபோகிறவருக்கு அந்த நம்பிக்கையை மாற்றிக்கொள்ள அவசியம் வருவதில்லை. ஊரில் வாடகைக்கு இருந்து, அதே கடையில் அரிசி வாங்குகிறவருக்கு வரும்.

இந்த வாதத்தின் மிகத் தெளிவான வெற்றி கர்நாடகத்தில் இல்லை, நம் வால்பாறையில் இருக்கிறது. ஆனைமலைப் புலிகள் காப்பகம் சூழ்ந்த தேயிலைப் பீடபூமி அது. 1994-க்கும் 2012-க்கும் இடையே ஏறக்குறைய நாற்பது பேர் அங்கே யானைகளால் இறந்தார்கள். யானை மூர்க்கமாகிவிட்டது, பிடித்துக்கொண்டு போங்கள் என்பதே வழக்கமான கோரிக்கை. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் எம். ஆனந்தகுமார் குழு 2000-களின் தொடக்கத்திலிருந்து அங்கேயே தங்கி யானைகளின் போக்குவரத்தைத் தினமும் குறித்தது. ஒவ்வொரு மரணமும் எப்படி நடந்தது என்று விசாரித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு யானை பக்கத்தில் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அந்தி சாய்ந்த பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கி லயன் வீட்டுக்கு நடந்தவர்கள் அவர்களில் பலர். ஆகவே தேவைப்பட்டது தகவல். மாலையில் உள்ளூர் கேபிள் டிவியில் யானை எந்த எஸ்டேட்டில் நிற்கிறது என்று ஓடும் வரி, கைபேசிக்குக் குறுஞ்செய்தி, பக்கத்தில் யானை வந்தால் ஓர் அழைப்பில் எரியும்படி மேட்டில் ஒரு சிவப்பு விளக்கு. விளக்கைப் போடுகிறவர்கள் எஸ்டேட் தொழிலாளர்களும் காவலர்களும்தான். உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. இதில் உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் இல்லை. எந்தப் பாதையில் யானை எந்த மாதத்தில் வரும் என்ற பல ஆண்டுக் குறிப்பு இல்லாமல் இதைச் செய்திருக்கவும் முடியாது.

ஆய்வெல்லாம் மெதுவானது, மாடு பறிபோனவனுக்கு இன்றே தீர்வு வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் தெரியாமல் அவசரப்பட்டதன் விலை மகாராஷ்டிரத்து ஜுன்னரில் எழுதப்பட்டிருக்கிறது. 2001-இலிருந்து அங்கே கரும்புக் காட்டில் சிக்கிய சிறுத்தைகளைப் பிடித்து வேறு காட்டில் விட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த, மனிதர்கள் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது என்று வன உயிரியலாளர் வித்யா ஆத்ரேயாவின் ஆய்வு காட்டியது. பழகிய இடத்திலிருந்து பிடுங்கிப் பழகாத இடத்தில் விட்ட சிறுத்தை அங்கே புதிய சிக்கலாயிற்று. கூண்டில் ஒரு சிறுத்தை மாட்டினால் ஊரே நிம்மதி அடைகிறது என்பது உண்மை. அந்த நிம்மதிக்கு அடுத்த தாலுகாக்காரர் பணம் கட்டியிருக்கலாம்.

செலவைப் பற்றிச் சொல்வதென்றால், யானையைத் தடுக்கக் கர்நாடகம் போட்டுவரும் ரயில் தண்டவாள வேலிக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஆகிறது. வேலி தேவைப்படும் இடமும் உண்டு. ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரின் செலவில் ஓர் உயிரியலாளருக்குப் பத்தாண்டுச் சம்பளம் கொடுக்கலாம். வேலியை எந்த ஐந்து கிலோமீட்டரில் போட்டால் பயன், எங்கே போட்டால் யானை சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் என்று சொல்ல ஆள் இருக்கும். மருத்துவரும் ஆசிரியரும் போதாத மாவட்டத்தில் இது ஆடம்பரமா என்று கேட்டால், ராகி வயலை ஒரே இரவில் இழக்கும் குடும்பத்தின் பிள்ளை பள்ளிக்குப் போவதும் இதோடு தொடர்புடையதுதான்.

எனக்கே கனமாகத் தோன்றும் மறுப்பு ஒன்று மிச்சம். அரசுச் சம்பளம் வாங்கும் உயிரியலாளரும் நாளடைவில் மேலதிகாரிக்குப் பிடித்த எண்ணைச் சொல்லப் பழகிவிடமாட்டாரா? பழகக்கூடும். காட்டுக்குள் ஆய்வு செய்ய அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் கையில் இருக்கும்போது, வெளியாளுக்கே சுதந்திரம் குறைவு. அதனால் பதவியை மாவட்ட வன அலுவலரின் கீழ் வைக்கக்கூடாது. மைசூர்ப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரில் வைத்து, களத் தரவை ஆண்டுதோறும் கன்னடத்திலும் வெளியிட வேண்டும் என்பதை நியமன விதியாகவே எழுதலாம். கள்ளவேட்டைக்காரருக்கு உதவக்கூடிய இடக்குறிப்புகளை மட்டும் மறைத்தால் போதும். மற்றதை மறைக்க நல்ல காரணம் கிடையாது.

ஆட்கள் இல்லை என்று சொல்லமுடியாது. டேராடூனிலும் பெங்களூரிலும், நம் பக்கத்தில் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் இந்தப் படிப்பைப் படித்தவர்கள் வெளிவருகிறார்கள். புலிகள் காப்பகங்களில் அவர்களை ஒப்பந்தத்தில் அமர்த்த வழியும் இருக்கிறது. ஒப்பந்தம் என்பதுதான் கோளாறு: காட்டையும் ஊரையும் மொழியையும் தெரிந்துகொள்ளும் நேரத்தில் காலம் முடிந்து ஆள் கிளம்பிவிடுகிறார். அவரோடு நடந்து, எச்சத்தையும் தடத்தையும் அவருக்குக் காட்டிக்கொடுத்த சோளகர், ஜேனுகுருபர் பழங்குடி இளைஞர்கள் அங்கேயே தினக்கூலியில் இருக்கிறார்கள். நிரந்தரப் பதவி வந்தால் அதில் பாதியாவது அவர்களுக்குரியது. பட்டம் இல்லை என்ற தடையைக் களத் தேர்வு வைத்துத் தாண்டலாம். எங்கே தொடங்குவது என்றால் புகழ்பெற்ற காப்பகங்களில் வேண்டாம், அங்கே ஏற்கெனவே யாராவது ஒருவர் இருக்கிறார். காப்பித் தோட்டத்துக்குள்ளேயே யானை பகலைக் கழிக்கும் ஹாசன், பாறைக் குன்றுகளில் சிறுத்தை குட்டி போடும் துமகூரு, ராமநகரம் போன்ற, புலிகள் காப்பகம் என்ற பலகை இல்லாத வனக் கோட்டங்களில் முதல் நியமனங்களைச் செய்யலாம்.